நாலே கால் முதல் ஏழு நாற்பது வரை

கலியபெருமாளும் சுகந்தியும் எங்கே உட்கார வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணைக் கூடத்தில் மூன்று வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் வரிசை குழந்தைக் காப்பு வாரியத்துக்கு. இரண்டாவது வரிசை காணாமல்போன குழந்தையைப் பெற்றவளுக்கும் அவள் வக்கீலுக்கும். மூன்றாவது பத்திரிகைக்காரர்களுக்கு. பதினான்கு மாதம் சோறு ஊட்டி, தலை பின்னி, பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிப்போய் விட்டவர்களுக்கென்று ஒரு முக்காலிகூட இல்லை. வாசலில் நின்ற காவலர் கையிலிருந்த பட்டியலை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "நீங்க வெறும் சாட்சிங்க. கூப்பிட்டா உள்ள வாங்க" என்று தண்ணீர் கேன் பக்கம் கையைக் காட்டினார்.

இருவரும் போய் அங்கே நின்றார்கள். சுகந்திக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கலியபெருமாளுக்கோ, உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. குழந்தை காணாமல்போன இந்த ஐம்பத்தெட்டு நாளாக அவர் எந்த மனிதன் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. தண்ணீர் கேனுக்கு முகம் கிடையாது.

ஒன்பது வயது தன்ஷிகாவைத் தேடுவதா, அல்லது இனி உயிரோடில்லை என்று எழுதிக் கோப்பை மூடுவதா என்பதுதான் அன்றைய விசாரணை. விழுப்புரத்தில் மழைக்காலம் தொடங்கியிருந்தது. கூடத்தின் கூரையிலிருந்து ஒரு வாளிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நிலோபர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும்; தோளில் பை, கையில் நனைந்த குடை. "ஐயா, தன்ஷிகா பெரியப்பான்னு கூப்பிடுறது உங்களத்தானே? நான் உங்க வக்கீல். இலவச சட்ட உதவியிலேர்ந்து வந்திருக்கேன்."

"எங்களுக்கு வக்கீல் வெச்சிக்க விதி இல்லன்னு சொன்னாங்களேம்மா" என்றாள் சுகந்தி.

"விதி இல்லதான். இருக்கான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதும் இல்ல. கேட்டுப் பாப்போம்."

கேட்டார். விசாரணை ஆணையர் வேதவல்லி ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் அதற்கு மேலால் பார்ப்பவர். வாரியத்தின் வக்கீல் ராகவேந்திரன் உடனே எழுந்துவிட்டார். "இவர்கள் குழந்தைக்கு உறவு இல்லை. வாரியத்தின் சார்பில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள். வாரியத்துக்கு நான் இருக்கிறேன். இவர்களுக்குத் தனி வக்கீல் எதற்கு?"

"குழந்தை சிரிச்சா இவங்க வாரியத்தோட ஆளுங்க. குழந்தை தொலஞ்சா கூண்டுல ஏத்துற சாட்சிங்க. ரெண்டுல எது சார்?" என்றார் நிலோபர். "அந்தப் பொண்ணு கடைசியா சாப்பிட்டது இவங்க கையால. இங்க இருக்குற எல்லாருக்கும் பேச ஆள் இருக்கு. இவங்களுக்கு இல்ல."

வேதவல்லி இருவரையும் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பிறகு, "நாற்காலி ரெண்டு போடுங்க" என்றார். பேசிக்கொள்ள அரைமணி நேரமும் கொடுத்தார். சுகந்தி அழுதேவிட்டாள். ஒரு நாற்காலிக்காக மனிதர்கள் அழுவதை கலியபெருமாள் அன்றுதான் பார்த்தார். தனக்கு அது கிடைக்கக் கூடாத நாற்காலி என்று அவருக்குத் தெரியும்.

பழைய கோப்புகள் அடுக்கிய ஓர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். நிலோபர் கதவைச் சாத்தினார்.

"இனிமே நீங்க என்கிட்ட சொல்றது இந்த ரூம விட்டு வெளிய போகாது. நீங்களா சொன்னாத்தான் உண்டு. அது என் தொழில் சத்தியம். சரிங்களா? உங்க பக்கம் ரொம்ப பலமா இருக்கு. இந்தக் காப்புப் பதிவு ஒண்ணு போதும்."

வளர்ப்பு வீடுகளில் இருக்கும் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் வாரியம் ஒரு காப்பு மாட்டியிருந்தது. விரலகல ரப்பர் பட்டை, நடுவில் ஒரு பொட்டு. நாடித்துடிப்பு, வியர்வை, நடுக்கம் எல்லாவற்றையும் அது அளந்து அனுப்பும். பள்ளி விட்டு வந்தபின் தெருமுனையைத் தாண்டினால் கூவும். எங்கோ ஒரு வளர்ப்பு வீட்டில் ஒரு குழந்தையை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்ற கோபத்தில் பிறந்த காப்பு அது. நல்ல எண்ணம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு ஒரு நிறம் வரும். குழந்தை நிம்மதியாக இருந்தால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. தொடர்ந்து மூன்று வாரம் சிவப்பு வந்தால், அந்த வீடு சரியில்லை என்று குழந்தையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். தன்ஷிகா அப்படி நான்கு வீடு மாறி ஐந்தாவதாக இவர்களிடம் வந்தவள்.

"அன்னிக்கு சாயங்காலம் ஏழு நாற்பது வரைக்கும் கையில காப்பு இருக்கு. ஏழு நாற்பதுக்குக் கழட்டியிருக்கு. அதுவரைக்கும் வீட்டுல, பச்சையோ பச்சை" என்று நிலோபர் தாளைப் புரட்டினார். "நாலே காலுக்கு மேல துடிப்பு அம்பத்தெட்டு. அஞ்சு மணிக்கு அம்பத்தாறு..." சட்டென்று நிறுத்தினார். "எனக்கும் எட்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. போன மாசம் டைபாயிடுல படுத்தப்ப மணிக்கொரு தரம் கையப் புடிச்சுப் பாத்தேன். நல்லா அசந்து தூங்கும்போதே அவளுக்கு எழுபத்தஞ்சுக்குக் கீழ இறங்கல. ஐயா, இது குழந்தையோட துடிப்பா?"

சுகந்தி புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னோடதும்மா" என்றார் கலியபெருமாள்.

சொன்னதும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

"ரெண்டு வாரம் செவப்பு வந்துடுச்சு மேடம். இன்னும் ஒண்ணு வந்தா கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க" என்று சுகந்தி முந்திக்கொண்டாள். "வாரியத்தோட மாசாந்திரக் கூட்டத்துல சாப்பாட்டு வரிசையில நிக்கிறப்ப ஒரு அம்மா காதோட சொன்னாங்க. சாயங்காலத்துல ஒங்க வீட்டுக்காரர் கையில போட்டு விடு, சோப்பு நுரை வெச்சா கழண்டு வரும்னு. எல்லா வீட்டுலயும் அதான் மேடம். யாரும் வாய்விட்டுப் பேச மாட்டாங்க. அந்தப் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு மூச்சு அழுவா. அந்த நேரத்துலதான் அவுங்க அம்மா முன்னெல்லாம் அவள உள்ள வெச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போவும். அழுது முடிச்சிட்டான்னா அப்புறம் சிரிப்பும் கும்மாளமும்தான். அவ நிம்மதியா அழட்டும்னுதான் மேடம் கழட்டினோம்."

"சரி, அன்னிக்கு?"

"நான் ஆஸ்பத்திரி கேன்டீன் வேலைக்குப் போயிட்டேன். இவருதான் வீட்டுல."

இனி சொல்ல வேண்டியது கலியபெருமாள். அவர் முப்பது வருடம் விழுப்புரம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவதுதான் பிழைப்பு. பஸ்களே தங்கள் நேரத்தைச் சொல்லிக்கொள்ளத் தொடங்கியபின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோபமே வராத மனிதர் என்று ஊரில் பெயர். காப்புக்கு அவரைவிட ஏற்ற கை கிடைக்காது.

"நாலே காலுக்கு மாட்டினேம்மா. நாற்காலியில சாஞ்சேன். தூங்கிட்டேன். முழிச்சப்ப ஏழு முப்பத்தஞ்சு. வீட்டுல அவ இல்ல. இவ வந்து கதவத் தட்டுறா. பயந்துபோயி காப்பக் கழட்டி சோப்பு டப்பாவுல போட்டேன். போலீசு வந்து கேட்டப்ப, ஏழரை வரைக்கும் எதுக்கயே உக்காந்து படிச்சிக்கிட்டிருந்தான்னு சொல்லிட்டேன்."

"காப்ப நீங்க மாட்டிக்கிறது வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"தன்ஷிகாவுக்குத் தெரியும். யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது, வெளிய தெரிஞ்சா பெரியப்பாவ ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

நிலோபர் தாளைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தேடல் எப்படி நடக்குதுன்னு உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

இருவரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"தெருவுல, பஸ் ஸ்டாண்டுல, ஸ்டேஷன்ல இருக்குற கேமராவுல எல்லார் மொகத்தையும் இஷ்டத்துக்குத் தேட முடியாது. சட்டம் விடாது. ஆள் காணாமப்போன நேரத்துலேர்ந்துதான் தெறக்கும். இந்தக் கேசுல அது ஏழு நாற்பது. அதுக்கு முன்னாடி ஒரு நிமிசத்தக்கூட யாரும் பாக்கல. அறுபதாவது நாள் அந்தப் பதிவெல்லாம் தானா அழிஞ்சிடும்."

"நாளன்னிக்கு" என்றார் கலியபெருமாள்.

"ஆமா."

மூன்றரை மணி நேரம்கூட இல்லையே, பெரிதாக என்ன மாறிவிடப்போகிறது என்று இத்தனை நாள் அவர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தார். அது பொய் என்பது அவருக்கே தெரியும். நாலே காலுக்கும் ஏழு நாற்பதுக்கும் நடுவில் விழுப்புரம் பஸ் நிலையத்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பஸ் புறப்படும். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருக்கிறார். ஐம்பத்தெட்டு நாளும் எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வக்கீலா சொல்றேன், கேட்டுக்கங்க" என்றார் நிலோபர். குரல் இறங்கிவிட்டது. "பேசாதீங்க. காப்பக் கழட்டினா ரெண்டு வருசம் ஜெயில். போலீசுக்குப் பொய் சொன்னதுக்குத் தனியா. இந்த அம்மாவுக்கும் சேத்துதான். பதிவு உங்க பக்கம் இருக்கு. நான் எழுந்து நின்னு இந்தத் தாளக் காட்டினா அரைமணி நேரத்துல வீட்டுக்குப் போயிடலாம்."

"வக்கீலா இல்லாம?"

"அத என்கிட்ட கேக்காதீங்கய்யா" என்று நிலோபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த இருவருக்காக ஒரு நாற்காலியை வாதாடி வாங்கிய பெண், இப்போது அந்த நாற்காலியில் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவமானம் அந்தச் சின்ன அறையில் மூன்று பேருக்கும் பங்கு போட்டதுபோல் இருந்தது.

கூடத்துக்குத் திரும்பியபோது பெற்றவள் செல்வராணியைக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். திருக்கோவிலூரில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்பவள். மெலிந்த உடம்பு, முழங்கைவரை தவிட்டுத் தூசியின் வெளுப்பு.

"ஏழு மணிவரை ஆலையில் இருந்திருக்கிறீர்கள். பதினோரு பேர் பார்த்திருக்கிறார்கள்" என்றார் ராகவேந்திரன். "ஏழு நாற்பதுக்கு மேல் எங்கே இருந்தீர்கள்?"

"வீட்டுலதான் சார். தனியா."

"யார் பார்த்தார்கள்?"

"தனியா இருந்தா யாரு சார் பாப்பாங்க?"

"குழந்தையை வாரியம் எடுத்துக்கொண்ட ஆத்திரம் உங்களுக்கு இருந்தது. ஏழு நாற்பதுக்குக் குழந்தையே காப்பைக் கழற்றிவிட்டு வெளியே வந்திருக்கிறது. தெரிந்தவர் கூப்பிடாமல் வருமா?"

"நான் கூப்பிடல சார்" என்றாள் செல்வராணி. "கூப்பிட்டா வந்திருக்கும். நான் கூப்பிடல."

கலியபெருமாளுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. தன் தூக்கத்துக்கு அந்தப் பெண் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. எழுந்தார். சுகந்தி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, உக்காருங்க" என்றாள். பிறகு அவளே கையை விட்டுவிட்டாள். நிலோபர் தடுக்கவில்லை, மேசைமேல் இருந்த பச்சைத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏழு நாற்பதுன்னு நான் சொன்னது பொய்ங்கம்மா" என்றார் கலியபெருமாள்.

தூங்கியது, காப்பு, சோப்பு டப்பா, குழந்தையின் வாயை அடைத்தது, எல்லாவற்றையும் சொன்னார். வேகமாகச் சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றையும் பல்லைப் பிடுங்குவதுபோல் பிடுங்கி எடுத்தார். பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். செல்வராணி கூண்டிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை.

வேதவல்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "உங்கமேல என்ன நடவடிக்கைன்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல நேரத்தத் திருத்துங்க. நாலே கால்."

வாரியத்தின் கணினிப் பிரிவு அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். கணினியில் புது நேரத்தைத் தட்டினார். "நேரம் மாறினா தேடல் மொதல்லேர்ந்து ஓடும் மேடம். ஒவ்வொரு கேமராவா தெறக்கணும், ஒரு மணி நேரமாச்சும்..." அவர் விரல் அப்படியே நின்றது. "மேடம், கேமரா தெறக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு வந்துடுச்சு."

"என்ன?"

"ஏற்கெனவே கெடச்சதுதான். சிஸ்டமே வேணாம்னு தள்ளி வெச்சிருக்கு." அவர் படித்தார். "அன்னிக்கு சாயங்காலம் ஏழு பத்து. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு. சுமார் ஒன்பது வயசுப் பொண்ணு, பஸ்ஸுல தூங்கிப்போயி கடைசி ஸ்டாப்புல இறங்கினது. பேரு ஊரு சொல்லல. மொகம் நூத்துக்குத் தொண்ணூத்தாறு பொருந்துது."

"பொருந்தினா எதுக்குத் தள்ளி வெச்சுது?"

"அந்த நேரத்துல தன்ஷிகா விழுப்புரத்துல வீட்டுல இருந்தா மேடம். காப்பு சொல்லுது. ஒரே நேரத்துல ஒரு குழந்த ரெண்டு ஊர்ல இருக்க முடியாதே."

"மனுசங்க யாரும் போட்டோவப் பாக்கலியா?" என்றார் நிலோபர்.

"பாத்திருக்காங்க. திருவண்ணாமலை ஆபீஸ்ல ஒரு அம்மா மூணு தடவ எழுதியிருக்காங்க, இதே பொண்ணு மாதிரி இருக்குன்னு. மூணு தடவையும் 'இல்லை'ன்னு பதில் போயிருக்கு."

"இப்ப அந்தப் பொண்ணு எங்க?"

அதிகாரி அடுத்த பக்கத்தைத் திறந்தார். "போளூர்ல மேடம். ஒரு வளர்ப்பு வீட்டுல. நம்ம வாரியத்து வீடுதான்."

வாரியம் ஊரெல்லாம் தேடிய குழந்தை ஐம்பத்தெட்டு நாளாக வாரியத்திடமே இருந்தது. ராகவேந்திரன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலேயே மூடினார். செல்வராணி, "எந்த பஸ்ஸு? எந்த பஸ்ஸுல போச்சு எம் பொண்ணு?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"நாலு முப்பத்தஞ்சு வண்டி" என்றார் கலியபெருமாள். "வேற வண்டியில போயிருந்தா அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. திருக்கோவிலூர் வழியாத்தான் போவும். அஞ்சே முக்காலுக்கு உங்க ஊர்ல நிக்கும்."

செல்வராணிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. காப்பு கையில் இல்லாததால் கூவாது, பெரியப்பா எழுந்திருப்பதற்குள் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறது. பாதி வழியில் அதுவும் தூங்கிவிட்டது. செல்வராணி கூண்டின் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். சுகந்தி எழுந்து போய், கூப்பிடாமலே, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போளூர் வீட்டோடு திரையில் பேச ஏற்பாடு செய்தார்கள். முதலில் ஒரு சுவர் தெரிந்தது, பிறகு குழந்தை. முடியை வெட்டிவிட்டிருந்தார்கள். அங்கே அவளுக்கு மலர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம். எட்டு வாரமும் பச்சை. இந்த நிமிசம்கூடப் பச்சைதான்" என்றார் அதிகாரி, ஏதோ ஒரு நல்ல சேதி சொல்லிவிடும் ஆசையில்.

கலியபெருமாள் குழந்தையின் கைகளைப் பார்த்தார். இரண்டும் வெறுமையாக இருந்தன. பின்னால் நின்ற அந்த வீட்டுப் பெண் தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நிலோபரும் அதைப் பார்த்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லக் கலியபெருமாளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"உன் பேரு என்னம்மா?" என்றார் வேதவல்லி.

குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டது.

"உங்க வீடு எங்க இருக்கு? யார் கூட இருந்த?"

பதில் இல்லை. "இதேதான் மேடம்" என்று அதிகாரி தாழ்ந்த குரலில் சொன்னார். "எட்டு வாரமா ஒரு வார்த்த இல்ல. பேச்சே வராதோன்னு டாக்டர் எழுதியிருக்கார்."

"நான் பேசலாங்களாம்மா?" என்று கலியபெருமாள் கேட்டார். வேதவல்லி தலையசைத்தார். அவர் திரைக்கு முன்னால் போய் நின்றார். பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவரும் வந்து நின்றுகொண்டார். அவரை இனித் தனியே விட முடியாது அல்லவா. தன்ஷிகா அவரைப் பார்த்தாள். பிறகு அந்தப் போலீஸ்காரரைப் பார்த்தாள். அவள் முகம் கலங்கிப்போயிற்று.

"நான் சொல்லல பெரியப்பா" என்றாள். குரல் கரகரத்தது. "எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா? பேரு சொன்னா வீடு தெரிஞ்சிடும், வீடு தெரிஞ்சா ஒங்களப் புடிச்சிடுவாங்கன்னு நான் ஒண்ணுமே சொல்லல. சத்தியமா நான் சொல்லல."

அவருக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. வயது ஐம்பத்தாறு. இந்தப் பிள்ளை அம்மாவை விட்டு, தன் பெயரை விட்டு, பேச்சையே விட்டு அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அவரும் அதே ஐம்பத்தெட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அவர் காப்பாற்றியது தன்னை.

"பெரியப்பா சொல்லிட்டேன்மா" என்றார். தலையை நிமிர்த்த முடியவில்லை. "இன்னிக்குத்தான் சொன்னேன்."